முந்துரிமையும் இங்கிதமும்

ஒரு கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் இடத்திலே ஓயாத பூசலொன்று உண்டு. ஆராய்ச்சியாளர் ஒருவரின் கணக்கு முடிவதற்கு எட்டு மணிநேரம் வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவருக்கோ தாம் தட்டிய எழுத்து உடனே திரையில் தோன்றினாற் போதும். இவ்விருவருள் யாரை முதலிற் கவனிப்பது?

துளையட்டைக் காலத்தில் இவ்வினா இவ்வளவு கூர்மையாக எழவில்லை. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருப்பதே வழக்கம். 1961ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோபற்றோவும் அவர் குழுவினரும் நேரப் பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். பந்தியிற் பரிமாறுவது போல, நொடியின் சிறு கூறுகளை ஒவ்வொரு செய்நிரலுக்கும் மாறி மாறி வழங்குவதே அம்முறை. பந்தி என்று வந்துவிட்டால் முந்தியவர், பிந்தியவர் என்ற பேச்சும் வந்துவிடுமன்றோ?

1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில் இதற்கென அமைந்த கட்டளைக்கு ‘நைஸ்’ என்று பெயர். இங்கிதமாக நடத்தல் என அதற்குப் பொருள் கொள்ளலாம். பெயர் பொருத்தமானதே, பிறருக்கு வழிவிடுவதே அதன் முதன்மையான பயன். யுனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸிலும் அஃது உண்டு. கட்டளை வரியில் அச்சொல்லை முதலில் எழுதி, அடுத்துச் செய்நிரலின் பெயரை எழுதினால், அச்செய்நிரல் பத்துப் படி பின்னே நின்று ஓடத் தொடங்கும். படிகள் -20 முதல் 19 வரை செல்லும். சாதாரண நிலை 0. எண் பெருகப் பெருக உரிமை குறையும். புதிதாகப் பழகுவோர் இதனைத் தலைகீழாக எண்ணி இடர்ப்படுவதுண்டு. எண்ணை இங்கிதத்தின் அளவு என்று கொண்டால் மயக்கமில்லை.

விட்டுக்கொடுப்பதனால் இழப்பு எவ்வளவு? 0இல் நிற்கும் ஒன்றும் 19இல் நிற்கும் ஒன்றும் ஒரே செயலிக்குப் போட்டியிட்டால், வேறு கட்டுப்பாடு இல்லாதவிடத்து, பின்னதற்கு நூற்றில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கே கிடைக்கும். ஆயின் மற்றையது ஓய்ந்திருக்கும் வேளையில் நேரம் முழுவதும் இதற்கே. ஆளரவமற்ற இரவிலே இங்கிதமுடையவருக்குக் குறைவொன்றும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலின் படியை மாற்ற ‘ரீநைஸ்’ என்ற கட்டளை உதவும். அதற்குச் செய்நிரலின் அடையாள எண் தெரிந்திருத்தல் வேண்டும். இங்கேதான் கடுமையான விதியொன்று குறுக்கிடுகின்றது. சாதாரணப் பயனர் தமது செய்நிரலைப் பின்னுக்குத் தள்ளலாம். முன்னுக்குக் கொணர வழக்கமாக அனுமதியில்லை. 10க்குத் தள்ளியதைப் பழைய 0க்கு மீட்பதற்கும் நிருவாகியிடமே செல்ல வேண்டும். தாமே விட்டுக்கொடுத்த இடத்தைத் தாமே மீளப் பெற முடியாமை கொடிது என்று தோன்றலாம். ஆனால், விரும்பியவரெல்லாம் முன்னேறலாம் என்றிருந்தால் எல்லோரும் -20இல் வந்து நிற்பர். அப்பால் -20க்கும் 0க்கும் வேறுபாடு ஏது?

இக்கட்டளை செயலியின் நேரத்தை மட்டுமே பங்கிடும். பெருங்கோப்புகளைப் பிரதி செய்யும் செய்நிரலை 19இல் இட்ட பின்னும் கணினி தள்ளாடுமாயின், நெரிசல் பெரும்பாலும் வட்டிலே இருக்கும். லினக்ஸில் அதற்கென ‘ஐ-ஓ-நைஸ்’ என்ற வேறொரு கட்டளை உண்டு.