திணை மாறும் இடம்: துயர நாவல்களும் திரைக்கான காத்திருப்பும்



மொழியியல் படித்த ஒருவன் திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்திலும் தேக்காவின் உணவுக்கடைகளிலும் என்னைச் சந்திக்கும் இளைஞர்கள் சில ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘வாடிவாசல் எப்போது ஐயா வரும்?’ நாவலைப் படித்தாயிற்றா என்று திருப்பிக் கேட்டால், படம் வந்ததும் படித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பாவின் அக்குறுநாவலை வெற்றிமாறன் இயக்க, சூர்யா நடிக்கப் படமாக்கப்போவதாக அறிவிப்பு வந்து ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. காத்திருப்பில் தவறில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை ஆராய வேண்டும் என்று தோன்றிற்று. அந்த ஆராய்ச்சியில் இலக்கணத்துக்கும் ஓரிடம் உண்டு.

தமிழ்த் திரை, துயரம் மிகுந்த நாவல்களை நாடுவது புதிதன்று. ஜெயகாந்தன் தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தாமே இயக்கினார். அவருடைய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977இல் பீம்சிங் இயக்கத்தில் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் ‘உதிரிப்பூக்க’ளைத் தந்தார். இவை உங்கள் பெற்றோர் தலைமுறையின் படங்கள்; இவற்றை இங்கே விரிக்கப்போவதில்லை. அண்மைக்காலத்து மூன்று படங்களைச் சற்று நின்று பார்ப்போம்.

முதலாவது, ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’. பாலா அதை ஆதாரமாகக் கொண்டு 2009இல் ‘நான் கடவுள்’ எடுத்தார். உரையாடலை எழுதியவரும் ஜெயமோகனே. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பாலாவுக்குக் கிடைத்தது. உடற்குறை உடையோரைப் பிச்சையெடுக்க வைத்து, அவர்களை வாங்கி விற்கும் வணிகமே நாவலின் களம். அந்த வணிகர்கள் தம்மிடம் இருக்கும் மனிதர்களைக் குறிக்க வழங்கும் சொல் ‘உருப்படி’. சலவைக்குப் போடும் துணியை எண்ணுகிறோமே, அதே சொல்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஆசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெயரையும் வினையையும் விரித்துப் பேசுவதற்கு முன்பே உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பை அது முன்வைக்கிறது. மக்கட்சுட்டு ஒருபுறம், ஏனைய யாவும் மறுபுறம். நம் மொழியில் வினைமுற்றின் இறுதியில் நிற்கும் விகுதி, பேசப்படுபவர் மனிதரா இல்லையா என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. ‘வந்தாள்’ என்பதை ‘வந்தது’ என்றாக்கினால் போதும், ஒருத்தி பொருளாகிவிடுவாள். குழந்தையை ‘அது தூங்குது’ என்று கொஞ்சுவதும் நம் வழக்கே. ஆகையால் இந்த விகுதி அன்புக்கும் உதவும், கொடுமைக்கும் உதவும். எதற்கு உதவுகிறது என்பதை இடம்தான் சொல்லும்.

‘உருப்படி’ என்ற சொல்லின் வேலை இதுவே. அச்சிட்ட பக்கத்தில் வாசகனுக்கு முகம் தெரியாது, சொல் மட்டுமே தெரியும். முதல் சில பக்கங்களில் அச்சொல் உறுத்துகிறது. ஐம்பது பக்கம் கடந்தபின் உறுத்தல் குறைகிறது. எத்தனை உருப்படி என்று வாசகனும் மனத்துக்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறான். மகள்களின் திருமணக் கவலையில் உழலும் பக்திமானான போத்திவேலுப் பண்டாரத்தின்மீது அவனுக்கு இரக்கமும் பிறந்துவிடுகிறது. பிறகு ஏதேனும் ஓரிடத்தில், தான் எண்ணிக்கொண்டிருந்தவை யார் என்பது திடுமென உறைக்கிறது. அந்த நாவலின் இருள் அங்கே, வாசகனுக்குள்ளேயே இருக்கிறது.

கேமராவால் இதைச் செய்ய இயலாது. பாத்திரத்தின் வாயில் ‘உருப்படி’ என்ற சொல்லைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் அச்சொல் ஒலிக்கும் கணத்தில் திரையில் ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தில் இரண்டு கண்கள் நம்மைப் பார்க்கும். கேமரா தான் காட்டும் மனிதர் அனைவரையும் கேளாமலே உயர்திணையாக்கிவிடுகிறது. பார்வையாளன் முதற்காட்சியிலேயே பாதிக்கப்பட்டோர் பக்கம் போய் நின்றுகொள்கிறான். அவனுக்குக் குற்றத்தில் பங்கில்லை. பங்கில்லாதவன் தண்டனையை எதிர்பார்ப்பான். அதனால்தான் பண்டாரம் இருந்த இடத்தில், கண்டவுடன் அச்சுறுத்தும் தாண்டவன் வந்தான் என்று நினைக்கிறேன். காசியிலிருந்து வந்த அகோரி அவனை அழிக்கவும் வேண்டியதாயிற்று. படத்தைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. பார்வையற்ற பாடகி அம்சவல்லியின் முடிவு எளிதில் மறக்கக்கூடியதன்று. ஆயினும் படத்தை மட்டும் பார்த்தவர், தாம் அறியாமல் எண்ணத் தொடங்கிய அந்த அனுபவத்தைப் பெறவே இல்லை.

இரண்டாவது, பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வெளிவந்தது, 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கினார். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகர் என இரு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் வெட்டுவதோடு நாவல் நேரே தொடங்குகிறது. பின்னர் தகப்பனும் மகனும் கரிசல் காட்டில் தலைமறைவாக அலைகிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சோறு, தண்ணீர், காடு, தப்பிக்கும் வழி, விட்டுவந்த வீடு. கொலையைப் பற்றிய தத்துவம் அங்கே இல்லை. இன்னொன்று: சாதிப் பெயர் எதையும் பூமணி வெளிப்படையாகச் சொல்வதில்லை. யார் யாரை என்ன சொல்லி விளிக்கிறார்கள், யாருக்கு எந்த விகுதி கிடைக்கிறது என்பதைக்கொண்டே வாசகன் ஊரின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படம் அந்த மௌனத்தை உடைத்தது. பஞ்சமி நிலம் வந்தது; 1968ஆம் ஆண்டின் கீழ்வெண்மணியை நினைவூட்டும் வகையில் குடிசைகள் எரிந்தன; தகப்பனுக்கு ஒரு பழைய வாழ்க்கை உண்டாயிற்று. மகனிடம் இருந்த கதைமையம் தகப்பனிடம் நகர்ந்தது. இறுதியில் கல்வியின் அருமையைச் சொல்லி மகனுக்கு விடைகொடுக்கிறார் சிவசாமி. இதை வணிகச் சமரசம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பக்கத்தில் ஒரு விளிச்சொல் செய்த வேலையைத் திரையில் வரலாறு செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே. தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால், நான் நாவலின் மௌனத்துக்கே வாக்களிப்பேன்.

இங்கே சிங்கப்பூர் மாணவர்களுக்கென்று ஒரு சிக்கல் உள்ளது. நம் திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் ஆங்கிலத் துணையுரையோடு ஓடுகின்றன. காது கோவில்பட்டி வட்டாரப் பேச்சோடு போராடும்போது கண் கீழே உள்ள வரிக்கு இறங்கிவிடுகிறது. அந்த வரியில் ‘வா’வும் ‘வாங்க’வும் ஒன்று, ‘அவன்’, ‘அவர்’ இரண்டும் ஒன்று. ஐயா, சாமி, அண்ணாச்சி அனைவரும் ‘சார்’ ஆகிவிடுகிறார்கள். ‘அசுரன்’ பார்த்துவிட்டுச் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்த தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: “அந்தச் செருப்புக் காட்சிக்கு முன்னாலேயே அவங்க மேல கீழனு எப்படித் தெரியும்?” நல்ல கேள்வி. விகுதியில் தெரியும் என்றேன். அவள் விகுதியைத் தேர்வுத்தாளில் மட்டுமே சந்தித்திருந்தாள்.

மூன்றாவது நூல் என் கருத்துக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1980களில் குண்டூரில் காவல் நிலையக் கொட்டடியில் தாம் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அதிலிருந்து பிறந்த ‘விசாரணை’ 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. பின்னர் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இங்கே நூலைவிடப் படம் இருண்டது. நூலில் விடுதலை உண்டு. படமோ அவ்விளைஞர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து கொன்றுவிடுகிறது.

ஏன் இப்படி? ‘லாக்கப்’ தன்மை ஒருமையில், இறந்தகாலத்தில் எழுதப்பட்டது. ‘நான் அடிபட்டேன்’ என்று ஒருவன் எழுதினால், எழுதும் நேரத்தில் அவன் உயிரோடு இருக்கிறான் என்பது பொருள். வலியின் நடுவிலும் ‘-ஏன்’ என்னும் விகுதி வாசகனுக்கு ஓர் உறுதியைத் தந்துகொண்டே இருக்கிறது. கேமராவுக்கு ‘நான்’ கிடையாது. அதன் காலமும் நிகழ்காலம். அந்த உறுதி விலகிய வெற்றிடத்தில், தப்பிக்க முடியாதவர்களின் கதையை வெற்றிமாறன் எழுதிக்கொண்டார். தெலுங்கு புரியாத தமிழ்த் தொழிலாளர்கள், தங்கள்மீது என்ன குற்றம் சுமத்தப்படுகிறது என்றே அறியாமல் அடிவாங்கும் காட்சிகள் அப்படத்தில் உள்ளன. மொழியையே வன்முறைக் கருவியாகக் காட்டுவதில் திரை நூலுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. வேலைக்காக மொழி தெரியாத ஊருக்கு வருவோர் வாழும் இந்த நகரில், அக்காட்சிகளைப் பார்க்கும்போது நமக்குக் கூடுதலாகச் சுடும்.

ஆங்கில வாசகர்க்கும் இத்தகைய காத்திருப்பு உண்டு. காரமக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’ 2006இல் வந்தது; அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது; 2009இல் படமாயிற்று. அதிலும் ஒரு தகப்பனும் மகனும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ‘வெக்கை’யோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. அவருடைய ‘பிளட் மெரிடியன்’ 1985இல் வந்தது. பலர் முயன்றும் பல்லாண்டுகள் திரையேறாமலே இருந்த நாவல் அது. வன்முறைதான் தடை என்பார்கள். அந்நாவலின் வாக்கியமே தடை என்பது என் எண்ணம். நம் வட்டாரத்திலும் அப்படி ஒன்று உள்ளது. பினாங்கும் மேடானும் போர்க்காலத்தில் எப்படி இருந்தன என்பதைத் தமிழில் நிலைநிறுத்திய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் சொல்கிறேன். கப்பலையும் கடைத்தெருவையும் மீண்டும் கட்டிவிடலாம். மேடான் தெருவில் நடப்பவனின் மனம் மதுரைத் தெருவில் உலவுவதை எந்தக் கோணத்தில் படமெடுப்பது?

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். இங்கே திரைப்படங்களுக்கு வயதுவாரி வகைப்பாடு உண்டு. நான் குறிப்பிட்ட படங்களை எல்லா வகுப்புக்கும் காட்டிவிட முடியாது. நாவலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து தருவதோ உங்கள் கையில் உள்ளது. பள்ளியில் பேச்சுத் தமிழுக்கு இப்போது இடம் கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே நாவலாசிரியன் மாறி மாறி நடக்கிறானே, அந்த நடையைக் கேட்கும் பயிற்சி திரையில் கிடைக்காது. திரையில் பெரும்பாலும் ஒரு வழக்குத்தான் உண்டு. கதைசொல்லியின் குரல் அங்கே ஒளியாக மாறிவிடுகிறது.

இனி ‘வாடிவாசல்’. அது சிறிய நூல். பொங்கோலில் ரயிலேறும் மாணவர், லிட்டில் இந்தியாவுக்கு நாலைந்து முறை போய்வருவதற்குள் முடித்துவிடலாம். ஒரே ஒரு சல்லிக்கட்டுப் பொழுதில் கதை நடந்து முடிகிறது: தந்தையைக் குத்திய காளையை அணைய வந்திருக்கும் பிச்சி, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கும் கிழவர், ஜமீன்தார், அவருடைய காரி. இரண்டரை மணிநேரத்துக்கு இது போதாது. எனவே படத்தில் முன்கதை சேரும் என்பது என் ஊகம். ‘அசுரன்’ அனுபவம் அப்படித்தான் சொல்கிறது.

படிக்கும்போது ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். காரியை யார் யார் எந்தச் சொல்லால் சுட்டுகிறார்கள், எந்த விகுதி கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கூட்டம் எப்படிச் சொல்கிறது, கிழவர் எப்படிச் சொல்கிறார், பிச்சி எப்படி, உடையவரான ஜமீன்தார் எப்படி, கதைசொல்லி எப்படி? ‘ஏழாம் உலக’த்தில் மனிதர் அஃறிணையாவதைப் பார்த்தோம், இங்கே ஒரு விலங்கு எவ்வளவு தூரம் மேலேறுகிறது என்று பாருங்கள். கடைசியில் ஜமீன்தாரின் துப்பாக்கி வெடிக்கும் பக்கத்தில் அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படம் வெளியாகும் நாளில் திரையரங்குக்கும் அதைக் கொண்டுபோங்கள்.