வாரக் கட்டுரையும் மூன்றாம் அத்தியாயமும்

(குன்னூரில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாரம் தவறாமல் பத்தி எழுதுகிறாயே, அந்த நாவல் என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாவல் 2022 டிசம்பரிலிருந்து மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றிருந்தது. இப்போதுதான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

நேரம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். 2024இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்க முடியுமா? "நாவல் காத்திருக்கும், பிரச்சினை காத்திருக்காது" என்று ஒரு தோழர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வாரந்தோறும் எழுதுவது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் இந்த நீலகிரியில் வளர்ந்தவர். 1891இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை இங்கேதான் கூட்டினார். 1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். 'ஆதிவேதம்' அந்த இதழில் தொடராக வந்து பிறகு நூலானது. அவருக்கு வார எழுத்தும் நூலும் ஒரே வேலைதான். அதை நினைத்து நானும் பல நாள் தைரியமாக இருந்தேன். எழுதுகிற கட்டுரையெல்லாம் ஒருநாள் நாவலில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினேன்.

சேரவில்லை. ஏன் என்பதை என் அம்மாதான் சொன்னார்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து 1972இல் வந்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இரண்டு அரசுகள் பேசி முடித்தன. அந்த 5,25,000 பேரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. ஒப்பாரிக் கோச்சி, தலைமன்னார், ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டான்டீ. எங்கள் ஆட்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியேறினார்கள். அந்த லைனில் பறையர் வீடுகளும் இருந்தன, அருந்ததியர் வீடுகளும் இருந்தன. எல்லோருக்கும் ஒரே பைப்படி.

வேங்கைவயல் பற்றி நான் எழுதிய பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. உங்க அப்பாயி பைப்பக் கழுவிட்டுத் தண்ணி புடிச்சதையும் எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

என் அப்பாயி பைப்பைக் கழுவுவார். அருந்ததியப் பெண்கள் குடம் நிறைத்துப் போனதும், ஒரு சொம்புத் தண்ணீரை பைப்பின் வாயில் ஊற்றித் தேய்த்துவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பார். சின்னப் பிள்ளையில் நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களும் அப்பாயியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே மலையில் அட்டைக்கடி பட்டுக் கொழுந்து பறித்தவர்கள். ஊர்க்காரர்கள் சேர்த்துத்தான் எல்லோரையும் 'சிலோன்காரங்க' என்று ஏளனமாகப் பேசினார்கள். அப்பாயிக்கு அதில் அழுகை வரும். மறுநாள் காலையில் பைப்பைக் கழுவத்தான் செய்வார்.

இதை என்னால் பத்தியில் எழுத முடியவில்லை. எழுதினால் மறுநாளே, "பார், அவர்களுக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது" என்று சாதி இந்துக்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். பத்தி என்பது எதிரி வாசிக்கிறான் என்று தெரிந்தே எழுதுவது. மனு எழுதுவது போல. மனுவில் யாரும் தங்கள் அப்பாயியின் குற்றத்தை எழுதமாட்டார்கள். அப்படி எழுதி எழுதி எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்திலும் அப்பாயி கப்பலில் அழுதார், குளிரில் நடுங்கினார், கூலி கேட்டார். பைப்படிக்கு வரவே இல்லை. அத்தியாயம் நகராததற்குக் காரணம் நேரமில்லாதது அல்ல. நான் அங்கேயும் மனுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சிவகாமியை அப்போது மறுபடி எடுத்து வாசித்தேன். 1989இல் வந்த 'பழையன கழிதலும்' நாவலில் ஒரு தலித் தலைவரை, அவருடைய ஆணாதிக்கத்தோடு சேர்த்து, உள்ளேயிருந்து எழுதிக் காட்டினார். அதற்காகக் கடுமையான விமர்சனமும் வந்தது. எட்டு வருடம் கழித்து அந்த நாவலையே 'ஆசிரியர் குறிப்பு' என்ற இன்னொரு நாவலில் திருப்பிக் கேள்வி கேட்டார். இடையில் 1995இலிருந்து 'புதிய கோடாங்கி' இதழ். அத்தனைக்கும் நடுவில் ஆட்சிப் பணி வேறு. இதழில் நமக்காகப் பேசிய அதே ஆள்தான் நாவலில் நம்மை விசாரித்தார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. நான் குழப்பிக்கொண்டேன்.

'காத்திருக்கும்' என்று சொன்ன தோழருக்கும் ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் பி.எச்.டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவம் பார்த்தார், சங்கம் கட்டினார். தொழிலாளர்கள் சொல்லக் கேட்டவற்றை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 2007இல் 'எரியும் பனிக்காடு' ஆனது. 1920களின் வால்பாறை இன்று நமக்குத் தெரிகிறது என்றால், சொல்வதற்கு ஆட்கள் உயிரோடு இருந்தபோதே ஒருவர் போய்க் கேட்டதால்தான். இருபது வயதில் கப்பல் ஏறியவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். போன மழைக்காலத்தில் எங்கள் லைனில் ஒரு தாத்தா இறந்தார். மண்டபம் முகாமைப் பற்றி அவரிடம் கேட்க ஒரு நோட்டு முழுக்கக் கேள்வி வைத்திருந்தேன். அந்த ஞாயிறு பத்தி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு பத்தி என்று ஆசிரியர் குழுத் தோழர்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை நாவல். போனை அடுப்படியில் வைத்துவிடுவேன். டியூஷன் முடிந்து வந்த பிறகுதான் பத்தி. பத்தி எழுதும்போது "இதை வெளியே சொல்ல முடியாதே" என்று கை நின்றால், அந்த வரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் இப்போது நாவலாகிக்கொண்டிருக்கின்றன. வேறு பெரிய திட்டமெல்லாம் இல்லை. சில வாரம் இதுவும் நடக்காது.

பைப்படி அத்தியாயத்தை முடித்து அம்மாவுக்கு வாசித்தேன். "பித்தளைக் குடம்னு எழுதியிருக்கே, நம்மகிட்ட ஏது பித்தளை? அலுமினியம்தான்" என்று மட்டும் திருத்தினார்.

இன்னும் ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பைப்படியில் அப்பாயிக்கு முன்னால் குடம் வைத்த அருந்ததிய அத்தை ஒருவர் கட்டபெட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்த வாரம் பத்தி வராது, தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.