உதவி எது?



பிள்ளைகளுக்காக நாம் எவ்வளவு செய்ய வேண்டும், எவ்வளவு செய்யாமல் விட வேண்டும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் எழும் வினா. என் மகள் அவ்வினாவை நாள்தோறும் எங்கள் முன் வைப்பவள். அவளுக்கு வயது 12. பிறவியிலேயே அவளுடைய இடக்கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது. இதைக் கேட்டவுடன் சிலர் பெருமூச்சு விடுவர். அவள் அருகில் இருந்தால் அப்பெருமூச்சு முழுமை பெறாது. பேருந்தில் ஓர் அம்மையார், "கை எங்கே கண்ணே?" என்று உருக்கமாகக் கேட்டார். "அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்றாள் அவள். அந்த அம்மையாரும் சிரித்துவிட்டார்.

இவ்வாறு பிறப்பது ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. கருவின் நான்காம் வாரத்தின் இறுதியில் கைகள் சிறு மொட்டுக்களாக அரும்புகின்றன. எட்டாம் வாரத்தின் முடிவிற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. இக்காலத்தில் வளர்ச்சி தடைப்படின் உறுப்பு முழுமை பெறுவதில்லை. 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்கு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தனர். 1961இல் அந்நாட்டில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. ஆயினும் பல குழந்தைகளின் வகையில் காரணம் இன்னதென்று மருத்துவர்களால் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கிரகணத்தன்று தாய் காய் நறுக்கினாள் என்பதும், முன்வினைப் பயன் என்பதும் என் காதிலும் விழுந்த சொற்களே. தாயின் மேல் பழி சுமத்துவதைத் தவிர அவற்றால் வேறு பயன் இல்லை.

இனி, எங்கள் வீட்டிற்கு வாருங்கள். காலையில் பென்சில் சீவ வேண்டும். முழங்கையை மடக்கி, அந்த இடுக்கில் சீவும் கருவியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் பென்சிலைத் திருகுவாள். தண்ணீர்ப் புட்டியைத் தொடைகளின் நடுவே வைத்து மூடியைத் திறப்பாள். கோடு போடும்போது அடிக்கோலை அழுத்திப் பிடிப்பது அந்தக் குறுங்கைதான். இவற்றில் எதையும் நாங்கள் கற்பிக்கவில்லை. இரண்டு கை உடைய எங்களுக்கு அவ்வழிகள் எவ்வாறு தோன்றும்? சட்டைப் பொத்தான் போட அவள் முதலில் கால்மணி நேரம் எடுத்துக்கொள்வாள். பள்ளி வண்டி வந்துவிடுமோ என்று எங்கள் மனம் பதறும்; கையோ பொத்தானை நோக்கி நீளும். அந்தக் கையை அடக்கிக்கொண்டு, அவளை இன்னும் கால்மணி முன்னதாக எழுப்புவது என்று தீர்மானித்தோம். கடினமான வேலை எங்களுடையதுதான்.

அவளுடைய பாட்டி, அதாவது என் மாமியார், அவளுக்குக் காய் நறுக்கக் கற்பித்தார். கத்தியால் நறுக்குவதானால் ஒரு கை காயைப் பிடிக்க வேண்டும். மறு கை கத்தியைப் பிடிக்க வேண்டும். அரிவாள்மனையிலோ கத்தி பலகையில் நிலைத்து நிற்கிறது. பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது. காயைத் தள்ள ஒரு கையே போதும். நம் பாட்டிமார் காலத்துக் கருவி ஒன்று, ஒரு கைச் சிறுமிக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது! குறை என்று நாம் கருதுவதில் ஒரு பகுதி உடலில் இருப்பதன்று, கருவியின் அமைப்பில் இருப்பது என்பதை எங்கள் சமையலறையிலேயே கண்டோம்.

செயற்கைக் கையும் பொருத்திப் பார்த்தோம். கோடையில் அதனுள்ளே வியர்வை ஊறிற்று. தோலால் தொட்டு உணர்ந்து பொருளைப் பற்றிப் பழகியவளுக்கு, உணர்ச்சியற்ற அந்தக் கை ஓர் உறைபோல் இடையூறாயிற்று. சில குழந்தைகளுக்கு அது பெரிதும் பயன்படுகிறது, இவளுக்குப் பயன்படவில்லை. அணிவதும் விடுவதும் அவள் விருப்பம் என்று விட்டுவிட்டோம். அது இப்போது அலமாரியில் இருக்கிறது.

அவளை நான் தேவதையாகக் காட்ட விரும்பவில்லை. அண்ணனோடு சண்டையிட்டால் கிள்ளாமல் விடுவதில்லை. ஒருநாள் பாத்திரங்களை எடுத்து வைக்கச் சொன்னபோது, "எனக்கு ஒரு கைதானே!" என்று முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டாள். பாட்டி விடவில்லை. "நேற்றுக் கொய்யா மரத்தில் ஏறினாயே, அப்போது எத்தனை கை இருந்தது?" என்றார். பாத்திரங்கள் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. அண்ணனுக்கு உள்ள கண்டிப்பு அவளுக்கும் உண்டு. இல்லையென்றால் அவள் எங்கள் வீட்டில் விருந்தாளியாகிவிடுவாள்.

பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் ஏற்பாடாயிற்று. இரண்டு கோல் பிடிக்க வேண்டிய ஆட்டம் அது. "பாவம், குழந்தை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும்" என்றார் ஆசிரியை. அன்புடன்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு என் மகள் உண்ணவில்லை. வழியில் போவோர் கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை வைத்திருந்தவளுக்கு, அந்த அன்பான சொல்லுக்கு விடை அகப்படவில்லை. மறுநாள் அவளே ஆசிரியையிடம் சென்று, "டீச்சர், ஒரு வாரம் பாருங்கள். கோல் கீழே விழுந்துகொண்டே இருந்தால் உட்கார்ந்துவிடுகிறேன்" என்றாள். ஆசிரியை இசைந்தார். முதல் நாள் கோல் விழத்தான் செய்தது. எதிரில் ஆடிய தோழி, பழைய மிதிவண்டிக் குழாயிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டி வந்து கோலின் அடியில் சுற்றினாள். முழங்கை இடுக்கில் கோல் நழுவாமல் நின்றது. கை குறுகியதால் வீச்சு எட்டவில்லை. அந்தத் தோழி அரை அடி முன்னே வந்து நின்றாள். கோலும் கோலும் தட்டின. அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் இத்தகைய பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிறருக்கு நிகராக வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. சட்டம் கதவைத் திறக்கும். அரை அடி முன்னே வந்து நிற்பதற்கு ஒரு தோழி வேண்டும்.

ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் இரு கைகளுமின்றிப் பிறந்த சீதல் தேவி, காலால் வில்லைப் பிடித்து அம்பு எய்து, 2024ஆம் ஆண்டில் பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் கலப்பு இணையர் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவரைக் கண்டு என் மகள் துள்ளிக் குதித்தாள். நானும் மகிழ்ந்தேன். ஆயினும் பதக்கம் பெற்றால்தான் மதிப்பு என்பது இப்பிள்ளைகளின் தோளில் ஏற்றும் புதிய சுமை. சுமாராகப் பாடவும், கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கவும், கோலாட்டத்தில் நான்காம் வரிசையில் ஆடவும் அவர்களுக்கும் உரிமை உண்டு.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தகைய தோழரோ தோழியோ இருக்கலாம். அவர் கேட்குமுன் அவருடைய பையைத் தூக்காதீர்கள், கேட்டால் தயங்காதீர்கள். அவர் ஒன்றைத் தம் வழியில் செய்ய முயலும்போது, கடிகாரத்தைப் பாராமல் சற்றுக் காத்திருங்கள். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது அவர் பெயரையும் கூப்பிடுங்கள். தோற்றால் அவரோடும் சண்டை போடுங்கள். அவருக்கு வேண்டிய மதிப்பு அதில் இருக்கிறது.