உலோக நஞ்சும் நறுமண எண்ணெயும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வி பட்டத்தோடு முடிவதன்று. நம் உடலுக்குள் எது புகுகிறது என்று அறிவதும் கல்வியே. பழைய பேட்டரி உடைத்தல், ஈயம் உருக்குதல், குப்பை பிரித்தல் ஆகிய வேலைகள் நம் மக்கள் பலர் தலையில் சுமத்தப்பட்டவை. ஆகவே இப்பொருளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

ஈயத்தூள் மூச்சின் வழியும், கழுவாத கையால் உண்ணும் சோற்றின் வழியும் உடலுக்குள் செல்கிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது. பெண் கருவுற்ற காலத்தில் அது இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து, சிசுவை அடைகிறது. ஆணுக்கோ விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குன்றுகின்றன. பிள்ளையில்லை என்றவுடன் பெண்ணை மட்டும் பழிப்பது எத்துணை பெரிய அநீதி என்பதை எண்ணிப் பாருங்கள்!

இந்நஞ்சு செயற்படும் வழிகளுள் ஒன்று, உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குவதாகும். விந்தணுவின் மென்சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு மிகுதி. ஆதலின் அது விரைவில் பழுதுறுகிறது. கிராம்பிலுள்ள யூஜினால், ஓமத்திலுள்ள தைமால், கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் ஆகியவை இச்சிதைவைத் தணிக்கும் ஆற்றலுடையவை. ஈயமோ காட்மியமோ கொடுக்கப்பட்ட எலிகளுக்குத் தைமோகுவினோன் அளித்தபோது விரைகளின் சேதம் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எனினும் எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே எழுதிவிட இயலாது. சேதத்தைத் தணிப்பது வேறு. உடலில் தங்கிய ஈயத்தை வெளியேற்றுவது வேறு. எண்ணெயை நம்பிப் பட்டறையின் புகையை மறந்துவிடலாகாது. செறிந்த எண்ணெயை அருந்துவதும் தீங்கே. கிராம்பெண்ணெய் குடித்த குழந்தைகளின் கல்லீரல் பழுதுற்றதுண்டு. கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடவே கூடாது.

மெய்யான காப்பு எது? உண்ணுமுன் கைகழுவுதல், வேலையுடையை வீட்டிற்குக் கொண்டுவராதிருத்தல், காற்றோட்டமும் முகக்கவசமும், இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்தல், கேழ்வரகு, கீரை போன்ற சுண்ணாம்பும் இரும்பும் உள்ள உணவு.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1984-இல் போபாலில் நேர்ந்த பேரழிவுக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, தம் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளர்க்கு வழங்கப்பட்டது. கேட்கத் தெரியாதவனுக்கு உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

இளைஞர்களே, உங்கள் தந்தையரின் இரத்தச் சோதனைத் தாளை வாசித்துப் பொருள் சொல்ல நீங்கள் முன்வந்தால், இவ்வெள்ளி விழா பயன் பெற்றதாகும்.