பலகையில் எழுதிய பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க அண்ணாச்சி. பழைய ஞாபகம் ஏதாச்சும் சொல்லுங்க, போதும்" என்று செயலாளர் போனில் சொன்னார். இந்த மாதிரிக் கூட்டங்களில் பழைய ஞாபகம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். சாம்பாரில் பருப்பைத் தேடியது, வார்டனுக்குத் தெரியாமல் இரண்டாம் ஆட்டம் போய்விட்டுச் சுவர் ஏறிக் குதித்தது, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் பாடப் போய் வீட்டுக்கு வீடு காப்பி குடித்து வயிறு உப்பியது. இதெல்லாம் எனக்கும் உண்டு. கொஞ்சம் சொல்கிறேன். அதன்பிறகு, ஐம்பது வருஷமாக இந்தச் சங்கத்தில் நான் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் 1970 ஜூன் மாதம் பி.யூ.சி.யில் சேர்ந்தவன். தம்பிமார்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. பள்ளியில் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரிக்கு வந்து ஒரு வருஷம் படிப்பது பி.யூ.சி. 1978இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்ததோடு அதன் காலம் முடிந்தது. பல்கலைக்கழகமும் அப்படித்தான். எனக்கு முந்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்கள். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததால் என் சர்டிபிகேட்டில் மதுரை என்று இருக்கும். 1978இல் அதற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது. 1990இல் திருநெல்வேலிக்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஒரே மரத்தடியில் உட்கார்ந்து படித்தவர்கள்தான் நாம். சர்டிபிகேட்டைக் காட்டினால் ஆளுக்கொரு ஊர்க்காரர் மாதிரி தெரியும்!

எங்களில் பாதிப் பேர் கிராமத்துத் தமிழ்மீடியம். முதல் ஒரு மாதம் வகுப்பில் எனக்குப் புரிந்த ஒரே ஆங்கில வார்த்தை என் அட்டென்டன்ஸ் நம்பர்தான். சின்னக் கல்லூரி என்பதால் ஒளிய முடியாது. விடுதியில் மொத்தம் நூற்றுப் பத்துப் பேர். யார் யாருக்கு என்ன புரியவில்லை என்று வாத்தியார்களுக்குத் தெரியும். சாயங்காலம் வராந்தாவில் உட்காரவைத்து, கணக்குப் பாடத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே மறுபடி ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்சர், மற்றவர்களுக்கு மாரல் என்று வாரம் ஒரு வகுப்பு உண்டு. அந்த ஒரு மணி நேரம் தவிர நாங்கள் பிரிந்து உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் அறைக்கு வந்து சேர்ந்தவன் தேரிக்காட்டுப் பக்கத்துப் பையன். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். 1986க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று பின்னால் உங்களுக்கே தெரியும். அவன் அப்பா பனை ஏறுகிறவர். காலையிலும் சாயங்காலமும் ஏறிப் பாளை சீவ வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, பதநீர் இறக்கி, வீட்டில் அம்மா காய்ச்சி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. லீவு முடிந்து வரும்போது ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவருவான். அறை முழுக்க அந்த வாசம் இருக்கும். அவனுக்குக் கணக்கு கரும்பலகையில் எழுதும்முன்னே விளங்கிவிடும். எனக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பி.எஸ்ஸி.யில் நான் பாஸ் ஆனதில் பாதிப் பங்கு அவனுடையது.

1973இல், கடைசி வருஷம், என்னை மெஸ் செகரட்டரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன அரிசி, பலசரக்கு, காய்கறி, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் ரேட். அதை அவரவர் சாப்பிட்ட நாளால் பெருக்கினால் மெஸ் பில். அந்த வருஷம் விலைவாசி நாடு முழுக்கத் தாறுமாறாக ஏறியது. நான் பொறுப்பேற்ற பிறகு பில் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது. பையன்கள் என்னைத்தான் ஏசினார்கள். "செகரட்டரி, பருப்பெல்லாம் உன் வீட்டுக்குப் போகுதாடே?" என்று கேட்பார்கள். நான் ரோஷக்காரன். கணக்கில் ஒரு பைசா பிசகக் கூடாது, யாருக்கும் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்று இருந்தேன்.

இரண்டு மாத பில் பாக்கி வைத்தால் அந்தப் பெயரை மெஸ் வாசலில் உள்ள பலகையில் எழுத வேண்டும். எழுதிய நாள் முதல் சாப்பாடு நிறுத்தம். இது விதி. யார் போட்ட விதி என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதே இருந்தது.

நவம்பர் 10ஆம் தேதி கணக்கைப் பார்த்தேன். இரண்டு மாதம் கட்டாதவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் அன்றைக்கே ஓடிப்போய்க் கட்டிவிட்டார்கள். மிச்சம் என் அறைக்காரன். 138 ரூபாய் 85 பைசா. இந்தத் தொகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவன் ஏன் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். பதநீர் மாசி, பங்குனியில் இறங்க ஆரம்பித்தால் ஆடி, ஆவணியோடு சரி. அப்புறம் தை பிறக்கிறவரை பனையேறி வீட்டில் காசு புரளாது. ஜூன் மாதம் முழுப்பணமும் கட்டியவன் நவம்பரில் ஏன் தடுமாறுகிறான் என்பதற்கு இதுதான் காரணம். "மாசி பொறக்கட்டும்டே, அப்பா மொத்தமா கட்டிருவாங்க" என்று அவன் என்னிடம் சொல்லியும் இருந்தான்.

வார்டன் கேட்டார்: "தம்பி, எல்லாரும் கட்டியாச்சா?"

"ஒரு ஆள் பாக்கி சார்."

"யாருன்னு பார்த்து, விதிப்படி செய்யுங்க."

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். "சார், அவன் அப்பா பனைத் தொழில், மூணு மாசம் பொறுத்தால் கட்டிவிடுவான்" என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. அறைக்காரன் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று மற்றவர்கள் நினைப்பார்களே என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. மறுநாள் விடியற்காலம், அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், சாக்பீஸ் எடுத்து அவன் பெயரைப் பலகையில் எழுதினேன். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு தடவை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

சேப்பலில் காலை ஜெபம் முடிந்து எல்லோரும் டிபனுக்கு வந்தோம். அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி நடந்துவிட்டான். சமையல் அண்ணன் மட்டும் மத்தியானம் ஒரு தட்டில் சோறு எடுத்து மூடிவைத்து, "அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்கய்யா" என்றார். விதி தெரியாதவர் இல்லை அவர். நான் போய்ப் பார்த்தபோது அறையில் அவனுடைய தகரப் பெட்டி இல்லை.

பரீட்சைக்கு அவன் வரவில்லை. 1974 ஏப்ரலில் நாங்கள் எழுதினோம், பாஸ் பண்ணினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால் விதி, வறுமை என்று நானும் என்னைத் தேற்றியிருப்பேன். பிப்ரவரியில் மெஸ் டே கொண்டாடினோம். பிரியாணி, முட்டை, ஐஸ்கிரீம். செலவு நானூறு ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு நாள் ரேட்டை வகுக்கும்போது வரும் சில்லறையை மேல்நோக்கி ஐந்து பைசாவாக ஆக்கிவிடுவோம். அதோடு காலிச் சாக்கு, எண்ணெய் டின் விற்ற காசு. இது தனிக் கணக்கில் சேரும். வருஷக் கணக்கு முடிக்க உட்கார்ந்தபோதுதான் பழைய பக்கத்தைப் புரட்டினேன். நவம்பர் 10ஆம் தேதி அந்தக் கணக்கில் 290 ரூபாய் இருந்திருக்கிறது. அவன் பாக்கியைப் போல இரண்டு மடங்கு. அதில் அவன் சாக்கும் உண்டு, அவன் சில்லறையும் உண்டு. பணம் என் மேஜை டிராயரில் இருந்தது; பெயரைப் பலகையில் எழுதினேன்.

நம் சீமையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கிற அம்மா, அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வாரம் ஒருமுறை சபைக்குக் கொடுப்பார். யார் வீட்டுப் பிடி என்று அரிசியைப் பார்த்தால் தெரியாது. கோயில் அசனத்தில் பந்தியில் உட்காருகிறவனிடம் நீ என்ன கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் நாங்கள். எங்கள் அம்மாமாருக்குத் தெரிந்தது, விதிப்புத்தகம் கையில் வந்ததும் எங்களுக்கு மறந்துபோயிற்று.

1989இல் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தான். "எப்பா, நீயா? நல்லா இருக்கியாடே?" என்று அவன்தான் முதலில் கூப்பிட்டான். சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். நான் தட்டுத் தடுமாறி அந்த விஷயத்தை எடுத்தேன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நீ எழுதாட்டி வேற ஒருத்தன் எழுதியிருப்பான். அதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா முந்தின நாள் ராத்திரி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. ஒரே ரூம்லதானடே படுத்திருந்தோம்."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது ஒரு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கட்டிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

இன்று காலை விடுதிப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பலகை இல்லை. அந்த இடத்தில் குடிதண்ணீர் மெஷின் வைத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் தம்பி, தங்கைகளே, பலகை போய்விட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "கட்டாதவர்கள்" என்று ஒரு பட்டியல் வந்தால் அதுவும் பலகைதான். நாங்கள் போட்டது சாக்பீஸ் எழுத்து, சாயங்காலம் அழிந்தது. உங்களுடையது நூறு போனில் கிடக்கும். பட்டியல் போடும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால், முந்தின நாள் ராத்திரி அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இதற்குப் பணம் வேண்டாம்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, விடுதிக்கு ஒரு நிதி வைப்போம். பாக்கி உள்ள பிள்ளையின் பெயர் வார்டனைத் தாண்டி வர வேண்டாம். "இந்த மாதம் இவ்வளவு தொகை" என்று எழுதி அனுப்பட்டும். பொருளாளர் கேள்வி கேட்காமல் கொடுக்கட்டும். அதற்கு என் ஒரு மாத பென்ஷனை இப்போதே மேடையில் வைக்கிறேன்.

இரண்டாவது, இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் ஆண்டுவாரியாக நம் பெயர்ப் பட்டியல் வருகிறது. பட்டம் வாங்கியவர்கள் பெயர் மட்டும்தான் அதில் உண்டு. 1974ஆம் ஆண்டில் அவன் பெயர் இல்லை. படித்துப் பாதியில் போனவர்களும் நம் மாணவர்கள்தானே? அடுத்த மலரிலாவது அவர்கள் பெயர் வரட்டும்.

போன வாரம் அவனிடம் போனில் கேட்டேன். "பட்டியல்ல போடணும்னா போடு. மேடையில சொல்லாத" என்றான். ஆகவே, ஒரு தடவை எழுதக் கூடாத இடத்தில் எழுதிய அந்தப் பெயரை, இருக்க வேண்டிய இடத்தில் எழுதுவதற்காக ஒரு காகிதத்தில் குறித்துச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.