ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்கள் குழு ஐந்து மிஷின் போட்டுத் தையல் கூடம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு அக்கா வேலை செய்றாங்க. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனவங்க. அவங்க வைக்கிற காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் மிதிக்கிற மிஷின். மதியத்துக்கு மேல் இடது காலும் மரத்துப் போயிடும். நாங்கள் எட்டு சட்டை தைத்தால் அவங்க ஐந்துதான் தைப்பாங்க. "ஆர்டர் லேட்டாகுதுக்கா, நீங்க வீட்டிலேயே இருந்துக்கோங்க" என்று சொன்னது, கணக்கு எழுதுகிற நான்தான்.

அடுத்த மாதம் அவங்க கடன் தவணை வரவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் கேட்டதும் நான்தான். "வேலையையும் நீங்களே எடுத்துட்டு, தவணையையும் நீங்களே கேட்டா நான் எங்கம்மா போவேன்?" என்றாங்க. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கு. 21 வகைக் குறைபாடுகள் அதில் இருக்கு. தாங்க முடியாத சுமையாக இல்லாத வரை, அவங்களுக்கு ஏற்ற மாதிரி வேலையிலும் இடத்திலும் மாற்றம் செய்து தரணும். அதை மறுத்தால் அதுவே பாகுபாடு என்று சட்டம் சொல்லுது. அரசு வேலையில் இருக்கிறவருக்கு இடையில் ஊனம் வந்தால், அதைச் சொல்லி நீக்கக் கூடாது. அதே வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தரணும்.

முதலாளி என்றால் மில் வைத்திருப்பவர் என்று நினைக்கிறோம். கூலி கொடுக்கிற இடத்தில் நாம் உட்கார்ந்தால் நாமும் முதலாளிதானே?

குழுவில் தீர்மானம் போட்டோம். அக்கா வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். அவங்க மிஷினுக்கு 1,800 ரூபாயில் மோட்டார் மாட்டி, பெடலை இடது கால் பக்கம் வைத்தோம். வாசல்படியைச் சிமெண்ட் பூசிச் சரிவாக்கினோம். பஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு பத்து மணிக்கு வரட்டும், சாயங்காலம் கொஞ்சம் இருந்து முடிக்கட்டும் என்று நேரத்தை மாற்றினோம். இப்போ எங்களுக்குச் சமமாகத் தைக்கிறாங்க. தவணையும் தவறுவதில்லை.

எல்லாத்துக்கும் பணம் வேண்டியதில்லை. காது கேளாத தங்கச்சிக்கு அளவை நோட்டில் எழுதிக் காட்டலாம். பார்வை மங்கியவங்களை வெளிச்சத்தில் உட்கார வைக்கலாம். என்ன மாற்றினால் சுலபம் என்று அவங்களையே கேட்டால் சொல்லிடுவாங்க. அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. எந்தக் குழுவும் ஒருத்தரை "முடியாது" என்று நிறுத்தும் முன், அவங்களிடம் கேட்டதையும் அவங்க சொன்னதையும் தீர்மான நோட்டில் எழுதணும். இதை இன்றைக்கே தீர்மானமாகப் போடுங்கள்.