இறங்கிப் பார்க்கும் மலை



பழனியோ பரங்கிமலையோ, படியேறி உச்சிக்குப் போய்க் கும்பிட்டுத்தான் நமக்குப் பழக்கம். ஜெருசலேமுக்குக் கிழக்கே இருக்கிற ஒலிவ மலையில் கதையே வேறு. திருப்பயணிகளைப் பேருந்து நேராக உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிடும். யாத்திரை அதற்கப்புறம்தான், அதுவும் கீழ்நோக்கி. குருத்தோலை ஞாயிறு பவனியும் இந்தச் சரிவில் இறங்கித்தான் நகரத்துக்குள் போகிறது.

மேலே முதலில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் ஆலயம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபத்தைப் பீங்கான் பலகைகளில் எழுதிச் சுவரெல்லாம் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. நம் ஊர்க் குழுக்கள் அதைக் கண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், ஆள் மாற்றி ஆள் படமெடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் நேரத்தை அங்கேயே செலவழித்துவிட்டால், கீழே இருப்பதை ஓட்டமாய்ப் பார்க்க வேண்டிவரும்.

அங்கிருந்து செங்குத்தான ஒரு சந்து. ஒரு பக்கம் யூதர்களின் மிகப் பழைய கல்லறைத் தோட்டம். கல்லறைகளின் மேல் பூ இல்லை, சின்னச் சின்னக் கற்கள். பார்க்க வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போவது.

பாதி வழியில், இயேசு நகரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு சிறிய ஆலயம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பார்லூட்சி வடிவமைத்தது, 1955இல் முடிந்தது. கூரை கண்ணீர்த்துளி வடிவம். எனக்குப் பெரிதாகப்படுவது கூரையல்ல, சன்னல். வழக்கமாகப் பலிபீடம் கிழக்கே இருக்கும், இங்கே மேற்கே. அதன் பின்னால் சுவருக்குப் பதிலாக அகலமான சன்னல். பள்ளத்தாக்குக்கு அப்பால் பழைய நகரம் முழுக்கத் தெரிகிறது. நடுவில் பளிச்சென்று தங்கக் குவிமாடம், 7ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய ஆட்சியாளர்கள் எழுப்பியது. இயேசு பார்த்தபோது, அந்தக் குவிமாடம் நிற்கும் மேட்டில் யூதர்களின் தேவாலயம் நின்றது, கி.பி. 70இல் ரோமர்கள் அதை இடித்துத் தீக்கிரையாக்கினார்கள். அழுகிற இயேசுவின் ஓவியத்தைப் பீடத்தின் பின்னால் தீட்டியிருந்தால் நாம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்திருப்போம். பார்லூட்சி நம்மை அவர் நின்ற இடத்தில் நிறுத்தி, அவர் பார்த்த திசையைப் பார்க்க வைத்துவிட்டார்.

அடிவாரத்தில், கைதாவதற்கு முன் இயேசு ஜெபித்த கெத்செமனே. 1924இல் கட்டி முடித்த அங்குள்ள பேராலயமும் பார்லூட்சியின் வேலைதான். ஊதா நிறச் சன்னல்களால் பட்டப்பகலிலும் உள்ளே அரையிருட்டு. பக்கத்துத் தோட்டத்தில் எட்டு முதிய ஒலிவ மரங்கள். இயேசுவைப் பார்த்த மரங்கள் இவை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வில், சோதிக்க முடிந்த மூன்று மரங்களின் அடிமரத்துக்கு ஏறக்குறைய 900 வயதுதான் வந்தது. எட்டுக்கும் மரபணு ஒன்றே. ஒரே தாய்மரத்திலிருந்து கிளை வெட்டி நட்டிருக்கிறார்கள். யாரோ யோசித்துச் செய்த காரியம்!

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், நகரம் தெளிவாகத் தெரியும். நண்பகலில் ஆலயங்களை மூடிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. கைத்தடியை மறக்க வேண்டாம்.